நாற்பது மடவைக் குடல்

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

பக்கத்து வீட்டுக் கனகராஜ் இன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்கிறான். "என்னக்கா, பேத்தி இன்னும் மீன் குடல்தான் படிக்குதா? பாசார்ல ஒரு மீன் கடை போட்டா சம்பளமாச்சும் வரும் லா." சிரிப்பு வேறு.

"நீ திங்கிற மீனுக்குள்ள என்ன இருக்குன்னு அவதான் பார்த்துச் சொல்லப் போறா. அது வரைக்கும் வாய மூடிக்கிட்டுத் தின்னு" என்றேன். உள்ளே போய்விட்டான்.

லாயாங் லாயாங் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு என்னை நிறுத்தினார்கள். தம்பியைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமாம். என் பேத்தி லக்ஷ்மிப்ரியா இருபத்து நாலு வயதில் கடலைப் படிக்கிறாள். மாதம் ஒருமுறை, அமாவாசையன்று நீர் இறங்கும்போது, ஆற்று முகத்துவாரத்தில் பத்து மடவை மீன் பிடித்து வெட்டுகிறாள். குடலுக்குள் எத்தனை பிளாஸ்டிக் துண்டு என்று பூதக்கண்ணாடியில் எண்ணுகிறாள். ஆற்றுக்கு மேலே பிளாஸ்டிக் உருக்கும் தொழிற்சாலை ஒன்றை ஏப்ரல் கடைசியில் திறந்தார்கள். அதற்கு முன் ஆறு மாதம், அதற்குப் பின் ஆறு மாதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்த அதிகாரியும் இல்லை என்று சொல்ல முடியாது. இதைப் போய் மீன் கடை என்கிறான்!

14 செப்டம்பர், ஞாயிறு

பிரியா குவாந்தானுக்குக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். வியாழன் வருவாள். அவள் ஆராய்ச்சிக் கூடத்தில் ஃப்ரீசர் கெட்டுப் போய் அஞ்சு மாதமாம், இருக்கிற ஒன்றில் எல்லாரும் முட்டி மோதுகிறார்களாம். இவ்வளவு பெரிய கட்டடம், ஒரு பெட்டியைச் சரிபண்ண ஆள் இல்லையா?

16 செப்டம்பர், செவ்வாய்

மலேசியா தினம், லீவு. நாளை புரட்டாசி பிறக்கிறது. வருஷா வருஷம் போல ஃப்ரிட்ஜைக் காலி செய்து மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மருமகள் வைத்திருந்த கோழி, இறால் எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயிற்று. ஃப்ரீசரின் கீழ்த்தட்டு முழுக்க வெள்ளித்தாள் பொட்டலம். ஒன்றைப் பிரித்தேன். மீன் குடல். என் ஃப்ரிட்ஜில், புரட்டாசிக்கு முதல் நாள்! அத்தனையையும் அள்ளிக் குப்பைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன்.

இப்போது வீடு வீடாக இருக்கிறது.

18 செப்டம்பர், வியாழன்

பிரியா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃப்ரீசரைத் திறந்தாள்.

"பாட்டி, என் பொட்டலம் எங்க?"

அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேசியது. "கரண்டு போச்சும்மா. ஒரு நாள் முழுக்க இல்ல. எல்லாம் அழுகி நாறிப் போச்சு. தூக்கிப் போட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். தொழிற்சாலை வந்த பிறகு பிடித்த நாலு மாத மீன், இன்னும் எண்ணாத நாற்பது குடல். ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் இல்லை என்று வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்தபோது கொண்டு வந்து வைத்தாளாம். அவள் அப்பனிடம், என் மகன் செல்வாவிடம், "பாட்டிகிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அவன் தலையைச் சொறிகிறான். "அலமாக், மறந்துட்டேன் மா."

நாற்பது வயசுக்கு மேல் ஆன ஆம்பிளை. மறந்துட்டானாம்.

குப்பை லாரி நேற்றுக் காலையிலேயே வந்து போய்விட்டது. பிரியா தன் பதிவு நோட்டில் தேதி போட்டு எழுதினாள்: மின்தடை, மாதிரிகள் அழிந்தன. நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

19 செப்டம்பர், வெள்ளி

அவளுக்கு மேலே இருக்கிற டாக்டர் மகேஸ்வரன் போனில் கத்தியது வீட்டுக் கூடம் வரைக்கும் கேட்டது. என்றைக்குக் கரண்டு போனது, எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார். இவள் வாசல் கேட்டுக்குப் போய்க் கனகராஜைக் கேட்டாள். அவன் ஐஸ்கிரீம் வியாபாரி, வீட்டில் மூன்று ஃப்ரீசர் வைத்திருக்கிறான். "இந்த வாரமா? ஒரு நிமிஷம்கூடப் போகலயே மா. போயிருந்தா நான் தெருவுலல்ல நின்னிருப்பேன்?"

பிரியா திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். பதிவு நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். கேட்டிருந்தால் கத்தியாவது இருப்பேன்.

சாப்பிடும்போது செல்வா யோசனை சொல்கிறான். "முன்ன எடுத்த கணக்கு இருக்குல்ல? அதுல கொஞ்சம் கூட்டி நாலு மாசத்துக்கும் போட்டுடு. தொழிற்சாலை எப்படியும் அசிங்கம்தான் பண்ணுது, இதுல என்ன தப்பு? எவன் மீனக் கூப்பிட்டு விசாரிக்கப் போறான்?"

கரண்டியை மேசையில் அடித்தேன். "சோறு போட்டுத்தானேடா வளர்த்தேன் உன்ன? புள்ளைய பொய் எழுதச் சொல்றியா? அந்தத் தொழிற்சாலைக்காரனும் நீயும் ஒண்ணா?" தொண்டை கட்டுகிற மாதிரி கத்தினேன். மருமகள் கதவைச் சாத்தினாள்.

கத்தி முடித்து அறைக்கு வந்து உட்கார்ந்தேன். யாரைக் கத்தினேன்?

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவது. அந்தப் பொட்டலங்களின் மேல் பென்சிலில் எழுதியிருந்தது. தேதி, நம்பர். ஏழு போடும்போது நடுவில் ஒரு கோடு இழுப்பது இந்த வீட்டில் பிரியா மட்டும்தான். பார்த்தேன். அவளுடையது என்று தெரிந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். என் புரட்டாசி, என் ஃப்ரிட்ஜ், என்னைக் கேட்காமல் வைத்தாளா என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் எறிந்தேன்.

சீ.

20 செப்டம்பர், சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாளுக்கு விளக்கு ஏற்றிவிட்டு நேரே பிரியா அறைக்குப் போனேன். சொன்னேன். எழுத்தைப் பார்த்ததையும் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். "ஏன் பாட்டி பொய் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். எறிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நோட்டை எடுத்தாள். மின்தடை என்ற வார்த்தை மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். உள்ளே இருப்பது நன்றாகத் தெரிகிறது.

"நல்லா அழிச்சிடேம்மா. இல்ல, தாளக் கிழிச்சிடு."

"அழிக்கக் கூடாது பாட்டி. கிழிக்கவும் கூடாது. தப்பு தெரியணும், பக்கத்துல சரியானத எழுதணும், கையெழுத்துப் போடணும். இதான் முறை." பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னன்னு எழுதட்டும்? தெரியாம எறிஞ்சிட்டாங்கன்னா?"

எனக்கு ஒரு வழி விட்டாள், பாவி. அதுதான் எரிந்தது.

"தெரிஞ்சேதான் எறிஞ்சேன். அப்படியே எழுது."

பிறகு செல்வாவைக் காரெடுக்கச் சொல்லி டாக்டர் மகேஸ்வரனைப் பார்க்கப் போனோம். சனிக்கிழமை என்றாலும் இருந்தார். குற்றம் என்னுடையது, பிள்ளை மேல் கை வைக்காதீர்கள் என்று நின்றுகொண்டே சொன்னேன். உட்காருங்கம்மா என்றார், உட்காரவில்லை.

அவர் சொன்னார்: "சரிங்கம்மா, ஆனா மீன் திரும்பி வராது. பேசாம அந்தத் தொழிற்சாலைப் பகுதிய விட்டுடலாம். முன்னாடி ஆறு மாசத்த மட்டும் வச்சு எழுதினா பட்டம் கிடைச்சிடும்."

"ஆத்துல மீனு இருக்கு, தம்பி. அமாவாசையும் மாசா மாசம் வரும். இனி வர்ற நாலு மாசம் பிடிக்கட்டும். நீங்க முதல்ல அந்த ஃப்ரீசரச் சரி பண்ணுங்க. அஞ்சு மாசமா ஒரு பெட்டிய ஓட வைக்க முடியல, கடலக் காப்பாத்தப் போறீங்களா?"

செல்வா என் கையைப் பிடித்து இழுத்தான். உதறினேன். அவர் மேசை மேல் இருந்த காலண்டரைப் புரட்டினார். டிசம்பர் வரை பிடிக்கலாம் என்றார். அதற்கு மேல் ஒரு நாள்கூட உதவித்தொகை இல்லையாம்.

திரும்பி வரும்போது பிரியா என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

21 செப்டம்பர், ஞாயிறு

மகாளய அமாவாசை. செத்துப் போனவர்களுக்குப் படைக்கிற நாள். வீட்டில் மீன் வாசனையே ஆகாத நாள். செப்டம்பர் மாத மீனைப் பிடிக்க வேண்டிய நாளும் இதுதான்.

பிரியாவோடு எப்போதும் வெட்ட வருகிற அபர்ணாவின் வீட்டில் திதி. அவள் வர மாட்டாள். வெட்டுகிற கை நோட்டைத் தொடக் கூடாது, அதனால் இரண்டு பேர் வேண்டும். பிரியா போனைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"நான் வர்றேன்."

"பாட்டி, இன்னிக்கி அமாவாசை."

"கேலண்டர் எனக்கும் பார்க்கத் தெரியும்."

போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரருக்கு இலை போட்டுப் படைத்துக் காக்கைக்கு வைத்துவிட்டுக் கிளம்பினேன். சேலையை மாற்றச் சொன்னாள். நைலக்ஸ் சேலையில் உதிர்கிற நூலும் பிளாஸ்டிக்தானாம், மீனில் விழுந்தால் கணக்குக் கெட்டுப் போகுமாம். பருத்திக் கைலி கட்டிக்கொண்டு போனேன். மலாய்க்காரர்கள் இருக்கிற கம்பத்துப் படகுத்துறையில் மீன் பிடிக்கிற பாக் சாலே வலையை இழுத்துக்கொண்டிருந்தார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "மாச்சிக், இன்னிக்கி உங்களுக்குப் புவாசா இல்லயா?" விரதம்தான் என்றேன். வெட்டுகிற பலகையைக் கழுவிக் கொடுத்தார்.

நூறு மடவை கழுவியிருப்பேன் இந்தக் கையால். இப்படி வெட்டியதில்லை. பின்பக்கத் துளையில் கத்தரி முனையைக் கொடுத்துத் தொண்டை வரை கிழிக்க வேண்டும், குடலில் ஒரு கீறல் படக் கூடாது. மடவைக்குக் கோழிக்கு இருப்பது போலக் கெட்டியான இரைப்பை, உருண்டையாக. அதோடு சேர்த்து முழுசாக எடுத்து வெள்ளித்தாளில் சுற்ற வேண்டும். முதல் மீனைக் கையில் எடுத்தேன். விடியற்காலையில் குளித்துச் சாமி கும்பிட்ட கை. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், எறிந்தது நான்தானே.

ஐந்தாவது மீனில் பிரியா வாயைத் திறந்தாள். "கத்தரிய கொஞ்சம் படுக்க வச்சுப் பிடிங்க பாட்டி."

"எனக்குத் தெரியும்" என்றேன். படுக்க வைத்துப் பிடித்தேன்.

பத்து.

29 செப்டம்பர், திங்கள்

ஆராய்ச்சிக் கூடத்து ஃப்ரீசர் ஓடுகிறதாம். இதைச் செய்ய ஒரு கிழவி போய்க் கத்த வேண்டியிருக்கிறது.

10 அக்டோபர், வெள்ளி

பிரியா என்னை ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீல நிறத்தில் ஒரு இழை, அரிசிச் சாக்கில் பிரிந்த நூல் மாதிரி. பக்கத்தில் பச்சைச் செதில். ஏப்ரலில் ஒரு மீனுக்கு மூன்று இருந்ததாம். இப்போது பதினொன்று.

"அப்புறம் என்ன? போய்ச் சொல்லு! பேப்பர்ல போடு!"

"ஒரு மாசத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது பாட்டி. மழையா இருக்கலாம், வேற ஏதாச்சும் இருக்கலாம். நாலு மாசமும் வரட்டும்."

அந்த நாற்பதும் இருந்திருந்தால் இன்றைக்கே சொல்லியிருப்பாள். அதை அவள் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு இவ்வளவு வலிக்காது. தொழிற்சாலைக்காரன் அங்கே தினமும் புகை விடுகிறான், தினமும் ஆற்றில் கழுவி விடுகிறான். நான் அவனுக்கு நாலு மாதம் இனாமாகக் கொடுத்திருக்கிறேன்.

21 அக்டோபர், செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள், அமாவாசை. அபர்ணா வந்திருந்தாள். ஆனால் கத்தரியை என்னிடம்தான் கொடுத்தார்கள்.

வலையில் சரியான அளவில் பத்தே பத்துதான் கிடைத்தது. ஒன்பதாவதை வெட்டும்போது முனை வழுக்கிக் குடல் கிழிந்தது. உள்ளே இருந்தது பலகையில் வழிந்தது. பிரியாவும் அபர்ணாவும் பாக் சாலேயோடு வலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரின் முதுகும் என் பக்கம். வழித்து உள்ளே தள்ளிச் சுற்றிவிட இரண்டு நொடி போதும். தாள் கையில் இருந்தது.

"ஏய், இங்க வாடி."

பிரியா ஓடி வந்தாள்.

"ஒம்பதாவது போச்சு. கீழ விழுந்தத எடுக்கக் கூடாதுல்ல? எழுது."

"என்னன்னு எழுத?"

"என் பேரப் போடு. அங்கம்மா கிழிச்சிட்டான்னு எழுது."

எழுதினாள். கையெழுத்துப் போட நோட்டை என் பக்கம் திருப்பினாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போட்டேன்.

இந்த மாதம் ஒன்பது.