லேபர் ஆபீசுக்கு ஜீப் வந்தது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேதான் ஆரம்பிக்கிறேன், இல்லையென்றால் எனக்குக் கையே ஓடாது. போனில் சொல்லாமல் இவள் எதற்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ குறுக்கே நாலு கேட்பாய், பாதியில் உன் தங்கை பிடுங்கிக்கொள்வாள், உன் அப்பா பின்னால் நின்று சார்ஜ் தீருது சார்ஜ் தீருது என்பார், சொல்ல வந்தது அந்தரத்தில் நிற்கும். இது அப்படி விடுகிற விஷயம் இல்லை. உன் அம்மா மைக்கில் பேசிவிட்டாளடா! நம் ஊர் டவுன்ஹாலில், சட்டசபை நிதிக்குழுவுக்கு முன்னால், நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்ற அத்தனை பேரும் கேட்கப் பேசிவிட்டாள். பேசியது பலித்தும் விட்டது. இரு, தலைகால் புரியாமல் கடைசியை முதலில் சொல்கிறேன், ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

எங்கள் சலவைக்கூடம் உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் டாக்டர்கள் கோட்டும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் இடம். நான் இன்னமும் மடிக்கிற மேஜையில்தான் நிற்கிறேன். உன் தங்கை உருளைக்குப் போய்விட்டாள், அங்கே கூலி கூட. நீராவியில் கொதிக்கிற அந்தப் பெரிய உருளைக்குள் ஈர விரிப்பின் முனையைக் கையால் பிடித்து உள்ளே விட வேண்டும், மறுபக்கம் காய்ந்து இஸ்திரி போட்டு வந்துவிடும். துணியோடு விரலும் போய்விடாமல் இருக்க உருளையின் வாயருகே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை அப்படியே நிற்க வேண்டும். எங்கள் கம்பியில் ஸ்பிரிங் தேய்ந்து போய், யாரும் தொடாமலே உருளை சும்மா சும்மா நின்றுகொண்டிருந்தது. வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் கிழிந்த விரிப்புத் துண்டால் அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில், கழுத்தில் தொங்குவதை விட அது வாயில் இருக்கும் நேரம்தான் அதிகம். கட்டிய பிறகு உருளை நிற்கவே இல்லை, விரிப்புக் கணக்கில் கூலி என்பதால் எல்லோருக்கும் கொஞ்சம் கூடியது, ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் உன் தங்கைக்குப் பக்கத்தில் நிற்கும் சுருட்டைமுடிக்காரியின் சட்டைக் கை உள்ளே இழுபட்டது. அவள் உதறி இழுத்ததில் துணி கிழிந்து கை தப்பியது. கிழிந்த துண்டு மறுபக்கம் ஒரு சுருக்கம் இல்லாமல் மொட மொடவென்று வெளியே வந்தது. அன்றைக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டுக்கு வந்து உன் தங்கை தட்டில் கை வைத்தபோதுதான் அந்தக் கை என் கண்ணில் பட்டது. அந்த உருளையை விட்டு வந்துவிடு என்றேன், நான் கவனமா இருக்கேன்மா என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். அவள் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் கவனிக்கத்தான் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் லேபர் ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. நான் இத்தனை காலம் அதைப் பென்ஷனுக்கு அலைகிறவர்கள் போகும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். கூலியைப் பிடித்து வைத்தால் கேட்பது, அளவுக்கு மீறி வேலை வாங்கினால் கேட்பது, பாய்லரும் இயந்திரமும் ஆளைக் கொல்லாமல் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பது, எல்லாம் அவர்கள் பொறுப்பாம். பெயர்தான் பெரிய துறை, உள்ளே போனால் இந்த மாவட்டம் பூராவுக்கும் ஒரே ஒரு ஆய்வாளர் அம்மா, ஒரு மேஜை, மழை வந்தால் இடம் மாறும் ஒரு அலமாரி. அவருக்கு வண்டி கிடையாது. வருஷா வருஷம் எழுதிக் கேட்பாராம், ஒதுக்கீடு இல்லை என்று மேலிருந்து வருஷா வருஷம் பதில் வருமாம். நம் சலவைக்கூடமோ ஊருக்கு வெளியே, பஸ் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. அதனால் அந்த அம்மா என்ன செய்வார் தெரியுமா, எங்கள் முதலாளிக்கே போன் பண்ணிச் சொல்லிவிட்டு, துணி ஏற்றுகிற எங்கள் வேனிலேயே ஏறி ஆய்வுக்கு வருவார்! திருடனைப் பிடிக்கப் போகிற போலீஸ்காரர் திருடன் வண்டியிலேயே தொற்றிக்கொண்டு போன மாதிரி. வேன் அவரைக் கூட்டிவரக் கிளம்பியதுமே இங்கே விசில் ஊதிவிடும். உடனே நாங்கள் தரையைத் துடைப்போம், எல்லோரும் தலைக்குத் துணி கட்டுவோம், உருளையை நிறுத்தி அதன் மேல் நல்ல வெள்ளை விரிப்பாகப் பார்த்துப் போர்த்தி, மேலே மடித்த துணியை அழகாக அடுக்கி, அதை ஏதோ மேஜை மாதிரி ஆக்கிவிடுவோம். யாரும் எங்களை அடித்துச் செய்யச் சொல்லவில்லை கண்ணா, விருந்தாளி வருகிற வீட்டில் ஓடி ஓடி வேலை செய்வது போல நாங்களாகவே செய்தோம். அவரும் வந்து பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போவார், இவ்வளவு சுத்தமான இடத்தை நான் பார்த்ததில்லை என்று ஒரு தடவை பாராட்டியும் விட்டார், எங்களுக்கு ஒரே பெருமை.

குட்டு எப்படி உடைந்தது என்று கேள். ஒரு நாள் அவரைக் கூட்டிவரப் போன வேனுக்கு வழியில் டயர் பஞ்சர். டிரைவர் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அதிசயமாகப் பஸ் வந்துவிட்டது, ஆய்வாளர் அம்மா அதில் ஏறி எங்கள் கணக்கை விடச் சீக்கிரமாக வாசலில் இறங்கிவிட்டார். நாங்கள் அப்போதுதான் உருளையை நிறுத்திப் போர்த்தி முடித்திருந்தோம். வெயிலில் நடந்து வந்த களைப்பில் அவர் பையை அந்த வெள்ளை விரிப்பின் மேல் வைத்துவிட்டுக் கையை ஊன்றிச் சாய்ந்தார் பார், அடுத்த நொடி ஐயோ என்று துள்ளினார்! மேஜை எங்கேயாவது கொதிக்குமா? விரிப்பை உருவினார், மடித்த துணியெல்லாம் சரிந்து தரையில், தூக்கிக் கட்டிய கம்பி அப்பட்டமாக மேலே. விசில் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா திட்டவே இல்லை, எங்கள் ஒவ்வொருத்தியின் கையையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார், எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. புதுக் கம்பி போட்டு, நான் நேரில் வந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் இது ஓடணும் என்று சொல்லி உருளைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார். உன் தங்கை என் பக்கத்தில் மடிக்கிற மேஜைக்கு வந்தாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். எனக்கு அன்றைக்கு நிம்மதியான தூக்கம்.

அந்த நிம்மதியில்தான் மண் விழப் பார்த்தது. புது பட்ஜெட்டில் நம் ஊர் லேபர் ஆபீசை மூடுகிறார்கள், தலைநகர் ஆபீசோடு சேர்க்கிறார்கள் என்று செய்தி வந்தது. விசிலுக்கு வாயெல்லாம் பல். உன் தங்கையிடம் வந்து, மாசம் முடியட்டும், அப்புறம் இந்தச் சீலை யார் வந்து பார்க்கப் போறா, உருளைக்குத் தயாரா இரு என்று என் காது பட சொல்லிவிட்டுப் போனார். இவளும் தலையை ஆட்டுகிறாள்! புதுக் கம்பியும் வரவில்லை, ஸ்பிரிங்கும் வரவில்லை, அதே கந்தல் துணி அங்கேயே தொங்குகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நிதிக்குழு ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறது, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று சுருட்டைமுடிக்காரிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஆய்வாளர் அம்மா அரசாங்க ஊழியர், அவர் தனக்காகப் பேச முடியாது. எங்களில் யார் பேசுவது என்று கேட்டதும் எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஊரிலேயே பெரிய தொண்டை எனக்குத்தானாம். வீட்டில் ஒத்திகை நடந்தது. உன் அப்பாதான் குழுத் தலைவர். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து கேட்கச் சொன்னேன், நான் பாதி பேசுவதற்குள் குறட்டை வந்துவிட்டது. நிஜத் தலைவரும் இப்படித்தான் இருப்பார், பழகிக்கோ என்று எழுந்து சமாளிக்கிறார்.

அன்றைக்கு ஹாலில் எனக்கு முன்னால் கோட்டு போட்ட நிதி அதிகாரி ஒருவர் பேசினார். இந்த ஊர் ஆபீசில் அவ்வளவு வேலை இல்லை, புகாரையெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரில் கொடுக்கலாம், உதாரணத்துக்குச் சலவைக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், போன வருஷத்து ஆய்வு எல்லாவற்றிலும் குறை ஒன்றும் இல்லை என்றுதான் இருக்கிறது, இதற்கு எதற்குத் தனி ஆபீஸ், தனிச் செலவு என்றார். எனக்குச் சுரீர் என்றது. நாங்கள் தேய்த்து மடித்துப் போர்த்திய விரிப்பையே எடுத்து எங்கள் கழுத்தில் சுற்றுகிறார்! மனப்பாடம் செய்த பேச்செல்லாம் பறந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, ஐயா, அந்தக் குறை இல்லாத விரிப்பைத் துவைச்சதும் நாங்க, தேய்ச்சதும் நாங்க, குறை மேல போர்த்தினதும் நாங்கதான் என்று ஆரம்பித்தேன். ஹால் குலுங்கிச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் எங்கள் முதலாளி, பக்கத்தில் விசில், நான் பார்க்கவே இல்லை, பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குழுத் தலைவர் ஒரு வயதான பெண்மணி, சிரிக்காமல், ஏம்மா மறைச்சீங்க என்று கேட்டார். வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டிப் பெருக்கறதில்லையா, அவங்க முதலாளியைப் பார்க்க வர்றாங்கன்னு நினைச்சோம், எங்களைப் பார்க்கத்தான் வர்றாங்கன்னு எங்களுக்கு யாருமே சொல்லலை என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். வரப்போறது உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரியும் என்றார் அடுத்து. எங்க வேன்லதானே வர்றாங்க, அரசாங்கம்தான் வண்டி குடுக்கலையே என்றேன். அவர் அப்படியே திரும்பி நிதி அதிகாரியைப் பார்த்தார், இது உண்மையா என்று ஒரே கேள்வி, அந்த மனிதர் கையிலிருந்த தாளை முன்னும் பின்னும் புரட்டினார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள், நான் விடவில்லை. என் பொண்ணு அந்த உருளையில நிக்கறவ, அவ கை உள்ள போகும்போது கம்ப்யூட்டர்ல புகார் எழுத அவளுக்கு எந்தக் கை மிச்சம் இருக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். இறங்கியதும் சுருட்டைமுடிக்காரி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அப்பா தூங்கவில்லை, அதுவே பெரிய பாராட்டு.

அப்புறம் என்னை வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். பேசினதுக்காக ஆளை நிறுத்தினா அதுவும் எங்க துறை கேக்கற விஷயம்தான் என்று ஆய்வாளர் அம்மா முதலாளிக்குத் தன்மையாக எடுத்துச் சொன்னாராம். விசில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார், எனக்கு அது சௌகரியம். இப்போது கேள், பட்ஜெட் நிறைவேறிவிட்டது, ஆபீசை மூடவில்லை! கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை, இன்னொரு ஆய்வாளர் வேண்டும் என்றதை வெட்டிவிட்டார்கள், அலமாரி மேல் இன்னமும் ஒழுகத்தான் செய்கிறது. ஆனால் வண்டிக்கும் பெட்ரோலுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டார்கள். புது வண்டி வர நாளாகும் என்று கால்நடைத் துறையில் சும்மா நின்ற ஜீப்பை முதலில் அனுப்பியிருக்கிறார்கள், கதவில் பெரிய மாட்டுத் தலைப் படம் அப்படியே இருக்கிறது. முந்தாநாள் அது எங்கள் வாசலில் வந்து நின்றபோது வாட்ச்மேன் இங்கே மாடு எதுவும் இல்லையே என்று சொல்லிவிட்டு நிதானமாகக் கேட்டைத் திறந்திருக்கிறார். விசில் ஊதவில்லை, விரிப்பு போர்த்தவில்லை, ஆய்வாளர் அம்மா நேராக உள்ளே நடந்து வந்துவிட்டார்! ஆபீஸ் மூடவில்லை என்று தெரிந்த மறுநாளே முதலாளி புதுக் கம்பியும் ஸ்பிரிங்கும் வாங்கிப் போட்டிருந்தார், இத்தனை நாள் கிடைக்காத சாமான் எந்தக் கடையில் திடீரென்று கிடைத்ததோ தெரியவில்லை. அந்த அம்மா சீலைப் பிரித்து உருளையை ஓடவிட்டு, ஒரு துண்டைச் சுருட்டிக் கம்பியில் தட்டினார், உருளை நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடி நின்றது. உன் தங்கை முன்னால் வந்து, நான் கை வெச்சுப் பார்க்கட்டுமா என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் புறங்கையால் கம்பியைத் தொட்டுவிட்டாள். உருளை டக்கென்று நின்றது கண்ணா. அவள் திரும்பி இரண்டு கையையும் எனக்குக் காட்டிச் சிரித்தாள். அந்தக் கொதிக்கிற கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நான் குழந்தை மாதிரி அழுதேன், சந்தோஷத்தில்தான்.

வெளியே போனால் காதை மூடிக்கொள், அந்த ஊர்க் குளிர் உனக்கு ஆகாது. உன் அப்பா உன்னைச் சளி பிடிக்கும் முன்னாலேயே மாத்திரை வாங்கி வைக்கச் சொல்கிறார். உன் தங்கை அடுத்த கூலியில் உனக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்புவாளாம், நிறத்தை அவள்தான் முடிவு செய்வாளாம். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இரு. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. உங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிற இயந்திரம் மூடி திறந்தால் நின்றுவிடுகிறது, அதனால் ஸ்விட்சில் ஒரு கரண்டியைச் செருகி மூடி இல்லாமலே ஓட்டுகிறோம், என் யோசனைதான் என்று போன தடவை பெருமையாகச் சொன்னாய். நாங்களும் இங்கே கெட்டிக்காரப் பிள்ளை என்று சிரித்தோம். அந்தக் கரண்டியை உருவி எடுத்துவிடு கண்ணா. எடுத்துவிட்டேன் என்று உன் கையால் நீயே எழுதி அனுப்பு, போனில் சொன்னால் நம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கை எழுத்துக்காகக் காத்திருக்கும்
அம்மா