நாலு விரல்கடை

மார்ச் 3
டிவி முன்னால் கையசைத்துப் பலூன் உடைக்கும் எங்கள் வீடியோ விளையாட்டு இன்றும் திக்கியது. பலூன்கள் கூட்டமாக எழும்பும் இடத்தில் படம் உறைந்துவிடுகிறது. கன்சோலுக்கு இருப்பது ஒரே மூளை. படம் வரைவதும் அதுதான். எதிரில் ஆடுபவரின் கை எங்கே என்று கேமரா வழியாகத் தேடுவதும் அதுதான். "கேமராவே பாதியைத் தின்னுடுது. அதோட பங்கைக் குறை," என்றார் டீம் லீடர். குறைக்க வேண்டியவள் நான்.

மார்ச் 4
கதவைத் திறக்கும்போதே அண்ணன் குரல். "ஏய் வாலு, இன்னிக்கு ஏழு பலூன்." பக்கவாதத்தில், லாரி ஓட்டிய வலது கை விழுந்துபோன பிறகு அவனுக்குப் பொழுதே எங்கள் கம்பெனியின் இந்தப் பலூன் விளையாட்டுதான். சோபாவில் உட்கார்ந்தபடி ஆடுவான். அந்தக் கை மடியிலிருந்து நாலு விரல்கடை எழும்பும், நடுங்கும். பலூன் உடையும். தெரபிஸ்ட் சொன்னால் சலித்துக்கொள்கிறவன், பலூனுக்காகத் தூக்குகிறான்.

மார்ச் 9
முடித்துவிட்டேன். இனி கேமரா பாதி நேரம்தான் பார்க்கும். சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாது. படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆபீஸே எழுந்து நின்று கையை வீசி ஆடிப் பார்த்தது. ஒரு பலூன்கூடத் தப்பவில்லை.

மார்ச் 17
புது வெர்ஷன் வெளியானது. கேக் வெட்டினார்கள்.

மார்ச் 18
வீட்டு கன்சோல் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. அண்ணன் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். "ஒண்ணுகூட உடையல வாலு. கை போயிடுச்சு." தூக்கிக் காட்டினான் — அதே நாலு விரல்கடை. திரை கண்டுகொள்ளவில்லை. நாங்கள் யாருமே உட்கார்ந்து ஆடிப் பார்க்கவில்லை. எப்படித் தோணாம போச்சு எனக்கு? மத்தவங்களை விடு, எனக்கு?
"கை நல்லாத்தான் இருக்குண்ணா. நான்தான் கேமராவுக்கு அது தெரியாத மாதிரி பண்ணிட்டேன்."
"சும்மா சமாதானம் சொல்லாத."

மார்ச் 19
லீடரிடம் கெஞ்சினேன். "பழையபடி மாத்தினா மறுபடி திக்கும்மா. உக்காந்து ஆடுறவங்க எத்தனை பேரு?"

மார்ச் 25
அண்ணன் இன்னும் டிவி பக்கமே போகவில்லை.

மார்ச் 28
ஆபீஸின் சோதனை கன்சோலில் பழைய வெர்ஷனைப் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை மடியிலிருந்து லேசாக எழுப்பினேன். பலூன் உடைந்தது. "பாத்தியா, மெஷின்தான்."
"உன் கை நல்ல கை."
"ஒரே ஒரு தடவை தூக்குண்ணா."
"அணைச்சிடு வாலு. கண்ணு வலிக்குது."
கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். கை மடியிலேயே கிடந்தது.

ஏப்ரல் 20
தெரபிஸ்ட் வந்தார். தூக்கச் சொன்னார். இரண்டு விரல்கடைகூட எழவில்லை. பழக்கம் விட்டுப்போச்சா என்று கேட்டார்.
அண்ணன் என்னைப் பார்த்தான். "மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு."