தண்ணீர் தாண்டி விட்ட பூனை

அன்பு மகன் வினோதனுக்கு,

ஒரு வீட்டு வாசலில் நெடுநாள் சோறு தின்ற பூனை அந்த வீட்டுப் பூனையா, இல்லையா? நேற்றிலிருந்து யோசிக்கிறேன், எனக்கு விடை தெரியவில்லை. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், அங்கே பனி தொடங்கிவிட்டது என்றாய், நீ இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் குரல் ஒழுங்காக வராது, நீ வேறு எதையோ நினைத்துப் பயந்துவிடுவாய்.

மதிலில் வந்து நிற்கும் வெள்ளையும் மஞ்சளுமான பூனையை மறந்திருக்க மாட்டாய். நோர்வேக்குப் போகும்போது அதற்குச் சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் போனவன் நீதான். அலுமினியத் தட்டில் கரண்டியால் தட்டினால் ஒழுங்கையின் எந்த மூலையில் நின்றாலும் ஓடி வரும். நான் அதைத் தூக்கியதுமில்லை, பெயர் வைத்ததுமில்லை. பெயர் வைத்தால் ஊசி போட வேண்டும், குட்டி போடாமல் பார்க்க வேண்டும், அதெல்லாம் என் வேலையில்லை என்று இருந்தேன். போன கிழமை அது பக்கத்து வீட்டு எல்சி அக்கா காயவைத்த கருவாட்டை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வியாழக்கிழமை அவ கேற்றடியில் நின்று, "டீச்சர், இது உங்கட பூனையோ?" என்று கேட்டா. "எங்கட இல்லை, சோறு மட்டும் வைக்கிறனான்" என்றேன். ஏன் கேட்கிறா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்தது. நேற்றுக் காலை உன் அறையில் ஏதோ கீச்சிடும் சத்தம். எலி என்று விளக்குமாற்றோடு போனேன். அலுமாரிக்குப் பின்னால் உன் பழைய கிரிக்கெட் பைக்குள் மூன்று குட்டிகள், இன்னும் கண் திறக்கவில்லை. காற்றுக்காக நான் திறந்து வைக்கும் யன்னலால் வந்து அங்கே ஈன்றிருக்கிறது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "விலங்கியல் படிப்பிக்கிற ஆளுக்கு வயிறு குறைஞ்சது தெரியேல்லையோ" என்றார். தெரிந்தது மகன். குட்டிகள் எங்கே என்றுதான் தேடவில்லை.

பூனையைக் கண்டாவோ என்று கேட்க எல்சி அக்காவிடம் ஓடினேன். அவ ஒளிக்காமல் சொன்னா. சாக்கில் போட்டு, திசை மறக்க மூன்று தரம் சுற்றி, பாஹிமின் ஓட்டோவில் கொண்டுபோய்க் கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால் மீன் விற்கிற இடத்தில் விட்டாவாம். தண்ணீர் தாண்டினால் பூனை திரும்பி வராது, அங்கே மீனும் கிடைக்கும், பாவமில்லை என்று நினைத்தாவாம். "வழியில தின்னட்டும் எண்டு பொரிச்ச மீன் துண்டும் சாக்குக்குள்ள போட்டனான். நீங்கள்தானே டீச்சர் உங்கட இல்லை எண்டனீங்கள்." அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாள் தவறாமல் சூப் கொண்டு வந்த மனுசி இவ. குட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கதிரையில் இருந்தவ எழும்பவே இல்லை.

மிருக வைத்தியரைக் கேட்டால் பசுப்பால் கூடாது என்கிறார். அவர் சொன்ன பால்மாவைக் கரைத்து அப்பா கண்ணாடியும் போட்டுக்கொண்டு துளித்துளியாக விடுகிறார். பாதி வெளியே வழிகிறது. தாய் வராவிட்டால் தப்புவது கஷ்டம் என்றும் வைத்தியர் சொல்லிவிட்டார். நாளைக்குத் தேடிப் போகிறோம்.

நீ காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதே, ஈரச் சப்பாத்தோடு வேலைக்குப் போகாதே. யாராவது ஒன்றைக் காட்டி இது உன்னுடையதா என்று கேட்டால், இல்லை என்று சொல்லுமுன் ஏன் கேட்கிறாய் என்று கேள். அப்பா கோணேசரிடம் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். என் நம்பிக்கை எவ்வளவு என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் அதன் பலன் முழுவதும் உனக்கே சேரட்டும், நோயில்லாமல் இரு. கண் பரிசோதனையை மறக்காதே.

உன்னை நினைத்தபடி,
அம்மா

இதை நேற்று அனுப்பவில்லை. இன்று ஞாயிறு, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். எல்சி அக்கா சேர்ச்சில் ஞாயிறு பூசையையும் விட்டுவிட்டு என்னோடு வந்தா. பாஹிம் கிண்ணியாக்காரன். பாலத்தில் போகும்போது அவன் சிரித்துக்கொண்டே, "நாங்களும் எங்கட பூனைகள உங்கட பக்கம்தான் கொண்டுவந்து உடுற, டீச்சர்" என்றான். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. மீன்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கூப்பிட ஒரு பெயரும் இல்லாமல் நின்றேன். பிறகு கொண்டுபோன தட்டில் கரண்டியால் தட்டினேன். மீன் பெட்டிகளுக்கு அடியிலிருந்தும் தோணிகளுக்குப் பின்னாலிருந்தும் பூனைகள் ஓடி வந்தன, எண்ண முடியவில்லை, எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம் தெரிந்திருந்தது. எங்கள் பூனை அதில் இல்லை. வெயில் ஏறும்வரை தேடினோம். ஒரு கறுப்புப் பூனை மட்டும் காலைச் சுற்றிக்கொண்டே நின்றது, அதன் மடி பால் கட்டி வீங்கியிருந்தது. அதையும் எங்கள் ஊரில் யாரோ தண்ணீர் தாண்டி விட்டிருக்க வேண்டும். அதைக் கூடையில் வைத்துக் கொண்டு வந்தோம். கேற்றடியில் அப்பா இது ஆருடைய பூனை என்று கேட்டார். எங்கட என்றேன். குட்டிகளை முன்னால் வைத்ததும் மோந்து பார்த்தது, சீறியது, விலகிப் போய் இருந்தது. பின்னேரம்தான் திரும்பி வந்து ஒருக்களித்துப் படுத்தது. இரண்டு குட்டிகள் குடிக்கின்றன. சின்னது காலையிலேயே போய்விட்டது. எல்சி அக்கா இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, ஒவ்வொரு மதிலடியிலும் நின்று காது கொடுத்துக்கொண்டு திரிகிறா. இந்தக் கறுப்பியின் சொந்தக் குட்டிகள் இந்த ஊரில் எந்த வீட்டில் கத்திக்கொண்டு கிடக்கின்றனவோ.