எட்டு மணிக்குச் சந்திக்கும் வண்டிகள்

இன்று காலை உப்புச் சாடியின் மூடி கை தவறி விழுந்து, ஒரு மூலை உடைந்துபோயிற்று. மூடி என்றால் உங்கள் சிலேட்டுதான். பரீட்சை முடிந்து குமாஸ்தா வேலையும் கிடைத்ததும், "இதுக்கு இனி இதான் உத்தியோகம்" என்று நீங்களே சாடிமேல் வைத்தது. கழுவி அடுப்போரம் சாய்த்துவைத்தேன். சூட்டில் காயும் சிலேட்டின் வாசனை எழும்பியதும் உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நீங்கள் படிக்கப்போவதில்லை என்று தெரியும். இருந்த காலத்தில் மட்டும் நான் எழுதிக் காட்டியதை மறுபேச்சில்லாமல் படித்தீர்களாக்கும்!

இலஞ்சியில் உங்கள் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். நீங்கள் தென்காசி ஸ்டேஷனில் வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். குமாஸ்தா பரீட்சை தேறினால் ரயில்வே வீடு கிடைக்கும், எனக்கென்று ஓர் அடுப்பு கிடைக்கும். அந்த அடுப்புதான் எந்நேரமும் என் கண்ணில் நின்றது. உங்கள் மதினி எனக்கு எண்ணெயைக்கூட அளந்துதான் ஊற்றுவாள். உங்களுக்கு மற்ற பாடமெல்லாம் வரும். கணக்கு மட்டும் காலை வாரும். நான் எட்டாவது வரை படித்தவள், கணக்கில் கெட்டி. பெண்டாட்டியிடம் பாடம் கேட்கிறார் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும் என்பதால், நெல் அவிக்கிற நாளாகப் பார்த்துப் படித்தோம். பின்கட்டில் அண்டாவுக்கு அடியில் நான் விறகைத் தள்ளிக்கொண்டிருக்க, ஒத்தாசைக்கு வந்தவர் மாதிரி நீங்கள் குந்தியிருப்பீர்கள். சாரல் காலத்தில் சிலேட்டில் ஈரம் பூத்துக் குச்சி வழுக்கும். தணலில் காட்டிக் காட்டி எழுதுவோம்.

என்னிடம் இருந்தது ஒரே முறைதான். முதலில் கொடுத்தது என்ன என்று எழுத வேண்டும். பிறகு கேட்டது என்ன. அதற்கப்புறம் படிப்படியாக இறங்கி விடைக்கு வர வேண்டும். உங்களுக்கோ முதல் படியிலேயே சண்டை மூண்டுவிடும். பத்து ஆள் ஆறு நாளில் வைக்கும் சுவரைப் பதினைந்து ஆள் எத்தனை நாளில் வைப்பார்கள்? பத்தை ஆறால் பெருக்கிப் பதினைந்தால் வகுத்தால் நான்கு நாள். "எந்த மாசம்னு போடலியே. சாரல்ல எவன் சுவர் வைப்பான்?" என்பீர்கள். மேலே ஒரு குழாய் தொட்டியை நிரப்ப, கீழே ஒரு குழாய் காலி செய்யும் கணக்கைக் கொடுத்தால், "கீழ உள்ளத அடைக்காம அவன் என்னட்டி செய்தான்?" என்பீர்கள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ரயில் கணக்கில்தான் வசமாக மாட்டிக்கொண்டோம். நூறு மைல் இடைவெளியில் இரண்டு ஊர்கள். காலை ஆறு மணிக்கு இரண்டிலிருந்தும் எதிரெதிராக வண்டிகள் புறப்படுகின்றன. ஒன்றின் வேகம் மணிக்கு இருபது மைல், மற்றதன் வேகம் முப்பது. எப்போது சந்திக்கும்?

"எதிரெதிரா வாறதால வேகத்தக் கூட்டணும். அம்பது. நூற அம்பதால வகுத்தா ரெண்டு மணி நேரம். அப்போ விடை எட்டு மணி" என்றேன்.

குச்சியைக் கீழே வைத்துவிட்டீர்கள். "டோக்கன் யாரு குடுத்தா?"

"எந்த டோக்கன்?"

"ஒத்தத் தண்டவாளம்ட்டி. முன்னால பாதை காலின்னு டிரைவர் கைல டோக்கன் குடுத்தாத்தான் வண்டி நகரும். ரெண்டு பேருக்கும் குடுத்தா சந்திக்காது, மோதும். ஒண்ண ஸ்டேஷன்ல ஒதுக்கி நிறுத்துனாத்தான் மத்தது போவும். அந்த நேரத்த எங்கன சேக்க?"

"கணக்குல அதெல்லாம் கேக்கலங்க."

"கேக்காட்டா? உள்ள சனம் இருக்கும்லா."

தினமும் அந்த டோக்கனைக் கையில் தூக்கிக்கொண்டு தண்டவாள ஓரம் நிற்கிறவர் நீங்கள். உங்களுக்கு அவை சிலேட்டில் ஓடுகிற வண்டிகளாகத் தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த கவலையில் இது மண்டையில் ஏறவில்லை. "இப்படியே பேசிட்டிருங்க, நான் ஆயுசுக்கும் உங்க மதினி அடுப்புலயே வேகுதேன்" என்று கத்திவிட்டேன். அதற்குள் அண்டாவில் நெல் குழைந்துபோய், மதினியிடம் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுபடி சிலேட்டை எடுத்த அன்று நீங்கள் டோக்கன் பேச்சை எடுக்காமல் எட்டு மணி என்று எழுதினீர்கள்.

மதுரையில் பரீட்சை எழுதித் திரும்பியபோது வாசலிலேயே மறித்துக் கேட்டேன்.

"வண்டிக் கணக்கு வந்துச்சு. மைலுதான் வேற. நீ சொன்னாப்ல படிப்படியா எழுதிட்டேன். விடையும் சரிதான்" என்றீர்கள். பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அடியில ஒரு வரி சேத்திருக்கேன். சந்திக்க இடத்துல ஸ்டேஷன் இருக்கணும்னு."

நான் உட்கார்ந்து அழுதேன். திருத்துகிறவர், எழுதினவன் யாரோ கிறுக்கன் என்று முழுத்தாளையும் அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் அந்த வரியைப் படித்தாரோ, படித்துவிட்டுச் சிரித்தாரோ, நீங்கள் தேறிவிட்டீர்கள். ரயில்வே வீட்டில் முதல் நாள் அடுப்பைப் பற்றவைத்தது நீங்கள்தான். சட்டி நிறைய எண்ணெய் ஊற்றி அப்பளமாகப் பொரித்துத் தள்ளினேன்.

அந்த வீடு இப்போது வேறு யாருக்கோ. நான் தென்காசியிலேயே வாடகைக்கு இருக்கிறேன். எந்தச் சிக்கல் வந்தாலும் கொடுத்தது என்ன, கேட்டது என்ன என்றுதான் இன்னமும் பார்க்கிறேன். ஆனால் விடை வந்தபிறகும் உடனே எழுந்துவிடுவதில்லை. உள்ளே சனம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கிறேன். அது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

சிலேட்டு காய்ந்ததும் ஒரு துண்டுக் குச்சியைத் தேடியெடுத்து அந்தக் கணக்கைப் போட்டேன். வேகத்தைக் கூட்டும் இடம் வந்ததும் கை தானாக நின்றது. டோக்கன் யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. மீதியையும் போட்டு முடித்தேன். எட்டு மணி. சரியான விடைதான். மனசு உங்களைத் தேடுகிறது. ஸ்டேஷன் இருக்க வேண்டும் என்ற அந்த வரியையும் அடியில் எழுதினேன். வெளியே சாரல், சாடியில் உப்பு கசிகிறது. மூடினால் எழுத்து அழிந்துவிடும் என்று அப்படியே திறந்து போட்டிருக்கிறேன்.