எந்தச் சட்டி என்று கேட்டேன்

என் ராசுவின் அப்பாவே, கர்த்தருடைய பக்கத்தில் சுகமாய் இருப்பீர்கள். இங்கே உங்கள் வீட்டுக்காரி தலைகுனிந்து எழுதுகிறேன்.

இந்த மழையில் நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேடு வெடித்துவிட்டது. தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து எல்லாரையும் கீழே கோயில் மண்டபத்துக்குப் போகச் சொன்னார். ராசுவும் மருமகளும் கொழும்பில் வேலையில் இருக்கிறார்கள். பேத்தி ஜெனியைக் கையில் பிடித்துக்கொண்டு, வேதப்புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். இறம்பொடைப் பாதை மண் சரிந்து மூடிக் கிடந்தது. வெளியிலிருந்து ஒரு பாண் துண்டுகூட வர வழியில்லை.

கோயிலில் எல்லார் வீட்டு அரிசியையும் கொட்டி ஒரே அண்டாவில் சோறாக்கினார்கள். பூசாரி அதைச் சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் பரிமாறினார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. தீபாவளிக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டு முத்தம்மா கொடுத்த முறுக்கை நீங்கள் தின்றதற்கே எத்தனை நாள் பேசாமல் இருந்தேன். "ஆண்டவரு முறுக்குக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாரு" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பட்டினி கிடந்தது போகட்டும். பிள்ளை நீட்டிய கையையும் பிடித்து இழுத்துவிட்டேன். "நாம கர்த்தரை நம்புறவங்க, அவரு குடுப்பாரு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இலேசாகச் சந்தோஷமாகக்கூட இருந்தது எனக்கு. அதை எப்படி எழுதுவது? எழுதிவிட்டேன்.

சாயந்தரம் ஜெனி முத்தம்மாவின் மடியில் போய் உட்கார்ந்தது. "கர்த்தர் சாப்பாடு குடுப்பாருன்னு அப்பாயி சொன்னாங்க. எப்ப குடுப்பாரு?" என்று கேட்டது. முத்தம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிறதுபோல் இருந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் முத்தம்மா மண்டபத்துக்கு வெளியே கல்லைக் கூட்டி, தனியாகக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். சாமிக்குக் காட்டாதது, நீங்களே உங்கள் ஆண்டவருக்குச் சொல்லிவிட்டுக் குடியுங்கள் என்றாள். அப்போதாவது நான் கையை நீட்டியிருக்கலாம். "எந்தச் சட்டியில ஆக்குனது?" என்று கேட்டேன்.

"ஒங்க சட்டிதான் மரியாக்கா. விடிஞ்சதும் மேல போயி எடுத்தாந்தேன்."

"மேடு வெடிச்சுக் கெடக்கே. ஏன்டி போன?"

"வேற எதுல ஆக்குனாலும் நீங்க திங்க மாட்டீங்களே. புள்ள எத்தன நேரந்தான் தண்ணியக் குடிக்கும்?"

முழங்கால் வரை சேறு அவளுக்கு. ஒரு கால் செருப்பைக் காணோம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கஞ்சி ஆறிப்போகும், குடிங்க என்று சொல்லிவிட்டு மற்ற வேலைக்குப் போய்விட்டாள்.

ஜெனி ஊதி ஊதிக் குடித்தது. நான் என் பங்கைத் தொடாமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றன்றைக்கு வேண்டிய சாப்பாட்டைத் தாரும் என்று விபரம் தெரிந்த நாள் முதலாகக் கேட்கிறேனே, கொடுத்தபோது எதற்காகத் தள்ளினேன்? யார் கையால் தர வேண்டும், எந்தப் பாத்திரத்தில் தர வேண்டும் என்று நானல்லவா அவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது எந்தச் செடியாவது இந்தக் கொப்பை விடு, அதை வெட்டு என்று சொல்லியிருக்குமா? என்னை அவர் கையில் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லியே, என்னை நானே இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பாதை திறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். கர்த்தர் எங்களை அற்புதமாகப் போஷித்தார் என்றேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். முத்தம்மா என்ற பேர் நாக்கு நுனி வரை வந்தது. கோயில் என்று சொல்ல வேண்டிவருமே என்று விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஜெனி என்னை நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.

இப்போது பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். லயத்துக்குத் திரும்பலாமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. முத்தம்மா பக்கத்துப் பாயில்தான் படுக்கிறாள். காலையில் தேத்தண்ணி ஊற்றினால் எனக்கும் ஒரு கோப்பை வைக்கிறாள். ஒன்றும் நடக்காததுபோலவே பேசுகிறாள். அதுதான் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை வரும் ஞாயிறு சபையில் வாசிக்கும்படி போதகர் ஐயாவிடம் கொடுக்கப்போகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை எழுதியது, அவர்தான் திருத்தி வாசிக்க வேண்டும். மானம் போகும். போகட்டும்.

அதற்கு முன்னால் இன்றைக்கே முத்தம்மாவிடம் பேசிவிடுகிறேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. கர்த்தர்தான் உன்னை அனுப்பினார் என்று சொல்லி நழுவிக்கொள்ள மாட்டேன். கர்த்தருக்குச் சொல்ல வேண்டியதை அவரிடம் தனியாக முழங்காலில் நின்று சொல்லிக்கொள்கிறேன். அவளிடம், நீ போனாய், நீ எடுத்துவந்தாய், நான் உன்னைக் கேவலப்படுத்தினேன், மன்னித்துக்கொள் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
இன்னும் வளைந்துகொடுக்கப் பழகாத உங்கள் மனைவி,
ராசுவின் அம்மா, ஜெனியின் அப்பாயி
மரியா