மலர் பஸ் ஏறிய காலை

என் தங்கம் சரோஜாவுக்கு,

நீ போன பிறகு பெய்த முதல் மழை இது. கடலைக் காட்டில் ஈரம் ஏறியிருக்கிறது என்று உன் அண்ணன் ஏர் பூட்டப் போயிருக்கிறார். மலர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கிறது.

உனக்கு ஒரு சேதி. திருச்சியில் ஒரு டாக்டர் மலரைப் பார்த்தார். அவளுக்கு இருப்பதற்கு ஆட்டிசம் என்று பேராம். பிறவியிலேயே மூளை வளர்கிற விதம் வேறு, யார் மேலும் தப்பில்லை என்றார். நீ இருந்தபோது நம் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. பேரே தெரியாமல் எப்படி அவ்வளவும் செய்தாய்?

ஏழு வயதில் எங்கள் மகள் மலர் நுனிக்காலில்தான் நடப்பாள். பேச்சு இல்லை. வாசற்படி வந்தால் நின்றுவிடுவாள். எந்தக் காலை எடுப்பது, எங்கே வைப்பது என்று உடம்புக்கே தெரியாததுபோல் நடுங்குவாள். தூக்கி பஸ்ஸில் ஏற்றினால் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறுவாள். அவளை ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எப்படிக் கொண்டுபோவது?

"வூட்டோட கெடக்கட்டும் பாக்கியம். எதுக்குப் புள்ளயப் பாடாப் படுத்துறே?" என்றார் உன் அண்ணன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, உனக்கே தெரியும். அந்த அலறலை அவரால் தாங்க முடியவில்லை.

நீ அரியலூரில் டிரில் டீச்சர். சனிக்கிழமைகளில் செந்துறை பஸ்ஸில் வந்து இறங்குவாய். "மலரு, காலத் தூக்கு! தூக்குடி!" என்று அப்படி ஒரு சனிக்கிழமை வாசற்படியில் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"சொல்லாதீங்க அண்ணி. அவ முன்னாடி நீங்க செஞ்சு காட்டுங்க. அதுவும் ஒண்ணொண்ணா" என்றாய்.

மணலில் வெறுங்காலோடு நடக்கவிட்டாய். கைப்பிடி இறுகட்டும் என்று ஈரத்துணியைப் பிழியக் கொடுத்தாய். புங்கமரத்தில் மூங்கிலைக் குறுக்கே கட்டி, நீயே பிடித்துத் தொங்கிக் காட்டினாய். டீச்சர் தொங்குவதைப் பார்க்கத் தெருவே கூடியது! கிணற்றடியில் தட்டையான சுண்ணாம்புக்கல் ஒன்றைப் போட்டாய். அதில் ஏறப் பழகியதும் அதன்மேல் இன்னொன்று. அவள் அழுதால் மேல்கல்லை எடுத்துவிடுவாய். கோபமே வராது உனக்கு.

"நம்ம காலுக்கு யாரும் கத்துக்குடுக்கல அண்ணி, தானா வந்துடுச்சு. இவளுக்கு ஒவ்வொண்ணா வரணும். அவ்வளவுதான்."

அதுவரை நான் படி ஏறுவதைப் பற்றி யோசித்ததே இல்லை. பாரத்தை ஒரு காலுக்கு மாற்றி, மறுகாலைத் தூக்கி, கண் பார்த்த இடத்தில் வைத்து, கையால் பிடித்து, உடம்பை மேலே இழுத்து... ஒரு படிக்குள் இத்தனை இருக்கிறதா என்று மலைத்துப்போனேன்.

அப்புறம் அந்த நாள் காலை. பஸ் வந்து நின்றது. மலர் படிக்கு முன்னால் அசையாமல் நின்றாள்.

"தூக்கி உள்ள விடும்மா, நேரமாவுது" என்றார் கண்டக்டர்.

"செத்த இருங்கண்ணே. அவளே ஏறுவா" என்றாய் நீ. ஏறிக் காட்டினாய், இறங்கினாய், மறுபடி ஏறிக் காட்டினாய். பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு.

மலரின் கை மெல்ல எழுந்தது. கம்பியைத் தொட்டது, பிறகு இறுகப் பற்றியது. குதிகால் மண்ணில் அழுந்தியது. மறுகால் மேலே போய், தடுமாறி, படியைக் கண்டுகொண்டது. ஏறிவிட்டாள் சரோஜா! யாரும் தொடவில்லை, யாரும் தூக்கவில்லை. அவளைப் பெற்ற அன்றுகூட நான் அப்படி வியந்து பார்த்ததில்லை.

"அட, ஏறிட்டியே பாப்பா! வா, சன்னலோரம் உக்காரு" என்றார் அதே கண்டக்டர். வழியனுப்ப வந்து கீழே நின்ற உன் அண்ணன் கைகூப்பினார். யாரைப் பார்த்து என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எத்தனை ஊர் பார்த்துவிட்டாள்! உன்னைத்தான் மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. அவள் உன்னைத் தேடுகிறாளா? வாய்விட்டுக் கேட்பதில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் கயிறு தாண்டும்போது இப்போதெல்லாம் மலர் போய் நிற்கிறாள். கயிறு தரையில் படும்போதெல்லாம் அவள் முழங்கால் லேசாக மடிந்து நிமிர்கிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்குக் கயிறு தாண்டத் தெரியாது. டிரில் பீரியடு என்றாலே வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்தவள் நான். இருந்தாலும் நாளைக் காலை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் நான் குதிப்பேன். தெரு சிரிக்கட்டும். மலர் பார்ப்பாள்.

உன் அண்ணி,
பாக்கியம்