டோல் கேட்டில் கை நீட்டாத உங்களுக்கு

என் அன்பு இஞ்சாருங்கோவுக்கு,

கலியாணம் கட்டிய நாள் தொட்டு உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் 'இஞ்சாருங்கோ'தான். இது அச்சில் வந்து நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்பதற்காக இப்போது 'அன்புக் கணவருக்கு' என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. படிக்கிறவர்கள் படிக்கட்டும். நான் உங்களோடுதான் பேசுகிறேன்.

முதலில் செய்தி. உங்கள் மோட்டார்ஹோம் விற்கப்படவில்லை. உங்கள் தம்பி மோகன் சுகமாக இருக்கிறார், ஆனால் என்னோடு பேசுவதில்லை. இரண்டுமே நல்ல செய்திதான்.

அந்த வண்டியை நீங்கள் முதன்முதலில் ஓட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு பஸ் அளவுக்கு, லண்டனில் எங்கள் வெம்பிளித் தெருவை அடைத்தபடி நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் தன் யன்னலுக்கு வெளிச்சம் வரவில்லை என்று முறையிட்டார். அவர் வீட்டு யன்னல் திரை வருடம் முழுக்க மூடித்தான் கிடக்கும்.

நம்முடைய சனம் அதைவிட மோசம். கோயிலில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அக்கா, ஹோட்டலிலை ஒரு ரூம் எடுக்க ஏலாதோ? கக்கூசையும் காவிக்கொண்டோ போறனீங்கள்?" என்று கேட்டாள். பெரிய வீடு வாங்கி, விருந்தாளிக்கென்று கட்டிய குளியலறையைப் பூட்டி வைத்திருக்கிறவள் அவள். "நாங்கள் காவிக்கொண்டு போறம். நீங்கள் பூட்டி வைச்சுப் பாக்கிறியள்" என்றேன். அதற்குப் பிறகு அவள் அர்ச்சனைத் தட்டோடு என் பக்கம் வருவதில்லை.

இந்தப் பேச்சுக்கெல்லாம் நீங்கள் சிரித்துவிட்டுப் போவீர்கள். எனக்கு அந்தக் குணம் இல்லை. எல்லோரையும் எனக்குப் பிடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை.

அந்த வண்டியில் எனக்கு ஒரேயொரு வேலை. அது டோல். பிரான்சில் நெடுஞ்சாலைகளுக்கு கேட் போட்டு வைத்திருக்கிறார்கள். டிக்கெட் தருகிற மெசின் அவர்களுடைய டிரைவருக்கு வசதியாக இடப்பக்கம் நிற்கும். எங்கள் லண்டன் வண்டியிலோ நீங்கள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். வண்டி உயரம், நான் கட்டை. யன்னலால் இடுப்பு வரை வெளியே தொங்கினால்தான் டிக்கெட் எட்டும்.

ஒரு மழைநாளில் அது என் கையிலிருந்து நழுவிப் பறந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஹோர்ன் அடிக்க, நான் இறங்கி ஓடிப் பொறுக்கினேன். அடுத்த பயணத்துக்கு அப்பளம் பொரிக்கிற இடுக்கியைக் கொண்டுவந்தேன். அதால் பிடித்து இழுத்தால் டிக்கெட் சுலபமாக வந்தது. தோள்மூட்டுத்தான் ஒத்துவரவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் போயிற்று.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். டேக் வாங்கினீர்கள்.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டால், கேட் அதை அடையாளம் கண்டு தானாகத் திறக்கும். பணம் பிறகு வங்கியிலிருந்து போய்விடும். டிக்கெட்டும் வேண்டாம், தொங்கவும் வேண்டாம். அதிலும் நீங்கள் சும்மா விடவில்லை. காருக்குக் கொடுக்கிற டேக் நம்முடைய வண்டிக்குச் சரிவராது, மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு வேறு டேக் என்று கண்டுபிடித்து, யார் யாருக்கோ போன் பண்ணி, சரியானதையே எடுப்பித்தீர்கள்.

மோகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "அண்ணைக்குக் கை நீட்டப் பஞ்சி. அதுக்கும் ஒரு மெசின்" என்றார், உங்களைச் சோம்பேறியாக்கி. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். அது என் தோளுக்காக வாங்கியது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே? ஏன் சொல்லவில்லை?

உங்களுக்கு என்ன வருத்தம், இனி எவ்வளவு காலம் என்று டொக்டர் சொன்ன பிறகு வந்த கோடையில், சாவியை என் கையில் தந்தீர்கள். என்னுடைய பழைய லைசென்சில் அந்த எடையுள்ள வண்டி ஓட்ட அனுமதி உண்டு. பிந்தி வந்து லைசென்ஸ் எடுத்த மோகனுக்கு அது இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி உங்களுக்கு ஒரே சிரிப்பு.

நான் வலப்பக்கம் ஏறினேன். நீங்கள் என்னுடைய இடப்பக்கச் சீட்டில் இருந்தீர்கள். ஒவ்வொரு கேட்டிலும் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, "நான் இல்லையெண்டு நினைச்சு ஓடும்" என்றீர்கள். ஒரு இடத்தில் நான் வண்டியைக் கோணலாகக் கொண்டுபோய்விட, கேட் திறக்கவில்லை. உதவிக்கு அழைக்கிற பொத்தான் உங்கள் யன்னலுக்கு நேரே இருந்தது.

"இஞ்சாருங்கோ, அதை ஒருக்கால் அமத்துங்கோவன்!"

"ஏலாது. பின்னுக்கு எடுத்து நேராக்கி வாரும்."

"பக்கத்திலை மரக்கட்டை மாதிரி இருக்கிறியளே!"

நீங்கள் அசையவில்லை. நான் வாயில் வந்தபடி பேசிக்கொண்டே பின்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி வந்தேன். பெட்டி 'பீப்' என்றது. கேட் திறந்தது. "ம், விடும்" என்றீர்கள். எந்தக் கேட் திறந்தாலும் அந்த ஒரு சொல்தான்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு அன்று, வந்தவர்கள் கை கழுவி முடிப்பதற்குள் மோகன் என் பக்கத்தில் வந்து இருந்தார். "அண்ணி, வண்டிக்கு ஒரு ஆள் இருக்கு. நீங்கள் தனிய அதை வைச்சு என்ன செய்யப் போறியள்?" சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் காருக்கு எந்தப் பக்கம் பெற்றோல் மூடி என்று தெரியாது. என்னை என்ன செய்வது என்று மட்டும் தெரிந்திருந்தது. கோயிலில் ஒரு தூண் ஓரம், மற்றவர் வீட்டுக் கொண்டாட்டத்தில் கடைசி வரிசையில் ஒரு கதிரை. வண்டியைக் கொடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது அந்தக் கதிரைதான். அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

பிரான்சில் லியோனில் இருக்கிற உங்கள் அக்கா உங்கள் செத்தவீட்டுக்கு வரமுடியாமல் படுக்கையில் கிடந்தவர். போனில் அழுது, "மச்சாள், அவன் படுத்தெழும்பின வண்டியை விக்க முந்தி எனக்கு ஒருக்காக் காட்டும்" என்றார். போய் வந்து சாவியைப் பற்றிப் பேசுவோம் என்று மோகனிடம் சொன்னேன். வழியில் ஏதாவது ஒரு கேட்டில் நான் திண்டாடினால் போதும், சாவி தன் கைக்கு வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தானும் வருவதாக நின்றார். "ஒரு ஆம்பிளை பக்கத்திலை வேணும் அண்ணி." லைசென்ஸ் இல்லாத ஆம்பிளை பக்கத்தில் இருந்து என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை.

அவர் வெறுங்கையோடு வரவில்லை. ஆர்ச்வே கோயிலில் பூசைக்கு வைத்து எடுத்த ஒரு பிள்ளையார் தகட்டோடு வந்தார். உள்ளங்கை அகலம், பளபளவென்று வெள்ளி. நான் வெளியே காஸ் சிலிண்டரைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அதை முன்கண்ணாடியில் ஒட்டி, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். எந்த இடத்தில் ஒட்டினார் என்று நான் கவனிக்கவில்லை.

கப்பலால் கலேயில் இறங்கியதிலிருந்து வழி முழுக்க அவருடைய வகுப்புத்தான். முதல் டோல் வந்தபோது, "அண்ணி, உதிலை போங்கோ, கியூ இல்லை" என்று ஒரு வரிசையைக் காட்டினார். கார்கள் மட்டும் போகிற வரிசை அது. மேலே உயரத் தடை தொங்கியது. அதில் விட்டிருந்தால் எங்கள் கூரை கேட்டுக்கு இந்தப் பக்கமும் நாங்கள் அந்தப் பக்கமுமாக இருந்திருப்போம். நான் லொறிகளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

எங்கள் முறை வந்தது. வண்டியை நேராகத்தான் நிறுத்தினேன். பீப் சத்தம் வரவில்லை. கேட் திறக்கவில்லை. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் மோகன். "அண்ணையை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள். இந்தக் குப்பையைப் பெரிய சாமான் எண்டு கொண்டுதிரிஞ்சவர்."

பிறகு யன்னலால் தலையை நீட்டிப் பொத்தானை அமத்தி, மெசினுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். அது பிரெஞ்சில் ஏதோ கேட்டது. அவர் அதே ஆங்கிலத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார். பிரெஞ்சுக்காரனுக்குக் காது கேளாது என்று நினைத்துவிட்டார்போல.

எனக்குக் கோபம் வந்தது. ஹோர்ன் சத்தத்துக்கு அல்ல. நீங்கள் ஏமாந்தீர்கள் என்று அவர் சொன்னதுக்கு. நீங்கள் தேடித் தேடி எடுத்த சாமான் பொய்த்துவிட்டால், உங்களையும் சேர்த்து இந்த மனிதர் மேசை மேசையாகச் சொல்லிச் சிரிப்பாரே என்றுதான் நினைத்தேன்.

டேக் இருக்கிற இடத்தை நிமிர்ந்து பார்த்தேன். டேக்கைக் காணவில்லை. பிள்ளையார்தான் இருந்தார்.

"டேக் எங்கை?"

"பின்னாலை இருக்கு அண்ணி. அந்தக் கறுப்புப் பெட்டி வடிவில்லை. சாமி முன்னாலை இருக்கட்டும் எண்டு விட்டனான்."

கப்பலில் ஏறுகிறபோது நீங்கள் அந்த டேக்கை, அது வந்த வெள்ளிநிற உறைக்குள் திரும்பப் போடுவீர்களே, "வாயைப் பொத்தி வைக்கிறன்" என்று. அந்த உறையைப் போலத் தகடு மறைத்தாலும் அது பேசாது. அது எனக்கு நினைவு வந்தது. சீட் பெல்ட்டைக் கழற்றி எழும்பி, பிள்ளையாரை மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்து மோகனின் மடியில் வைத்தேன்.

பீப்.

கேட் திறந்தது. மெசின் இன்னும் பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தது. மோகன் தலையை உள்ளே எடுக்குமட்டும் காத்திருந்து, வண்டியை எடுத்தேன். லியோன் வரைக்கும் அவர் மடியில் பிள்ளையாரோடு வாய் திறக்காமல் வந்தார்.

அக்கா வீட்டில் வாய் திறந்தது. "டேக் ஒருக்கால் சண்டித்தனம் பண்ணினது அக்கா. நாங்கள் சமாளிச்சிட்டம்" என்றார். நாங்கள்! அக்காவைக் கைத்தாங்கலாக வண்டிக்குள் ஏற்றினேன். நீங்கள் படுக்கிற பக்கத்தில் இருந்து, நெடுநேரம் தலையணையைத் தடவினார். இறங்கும்போது என் காதில் ஒன்று சொன்னார்: "இதைக் குடுத்திடாதையும், மச்சாள்." அந்த வீட்டில் புத்தி முழுவதும் உங்கள் இரண்டு பேரோடும் முடிந்துவிட்டது. மூன்றாவதுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மோகனுக்குத் திடீரென்று லண்டனில் அவசர வேலை வந்துவிட்டது. விமானத்தில் பறந்துவிட்டார். நான் தனியே திரும்பினேன்.

வந்த பிறகு வீட்டுக்கு வந்து சாவி கேட்டார். "ஆள் காத்துக்கொண்டிருக்கு அண்ணி."

"கதிரை ஒண்டு போட்டு இருக்கச் சொல்லும்" என்றேன். "எனக்கெண்டு வைச்ச கதிரை ஒண்டு சும்மாதான் கிடக்கு. அதைக் குடும்." கோபித்துக்கொண்டு போனவர்தான். தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை. நல்ல தேத்தண்ணி. நானே குடித்தேன்.

திரும்பி வந்த வழியைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் கேட்டை நெருங்கியபோதுதான் யோசித்தேன். மெசின் இடப்பக்கம். இடப்பக்கச் சீட்டில் ஒருவரும் இல்லை. டேக் இல்லாவிட்டால் நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, சுற்றிப் போய்த்தான் டிக்கெட் எடுக்க முடியும். ஒவ்வொரு கேட்டிலும், ஹோர்ன் அடிக்கிறவர்களின் முன்னால். ஒரு பயணத்தோடு நானே சாவியைக் கொண்டுபோய் மோகனிடம் கொடுத்திருப்பேன். என் தோளுக்காக வாங்கிய சாமான் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அந்தக் கடைசிக் கோடையில் நீங்கள் அதையும் என்னையும், நான் தனியே ஓடப்போகிற நாளுக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தீர்கள், இல்லையா?

பீப் என்றது. கேட் திறந்தது. நான் போகவில்லை.

"ம், விடும்" என்று நீங்கள் சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன். பின்னால் எவனோ ஹோர்ன் அடித்தான். "கொஞ்சம் பொறடா" என்று கத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். மரக்கட்டை என்று உங்களைச் சொன்னேனே. நான் திண்டாடுகிறதைப் பார்த்துக்கொண்டு, கைக்கெட்டிய பொத்தானை அமத்தாமல், கை தன்பாட்டில் நீண்டுவிடுமோ என்று தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தீர்களே. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்?

வருகிற கோடைக்கும் அக்காவிடம் போவேன். பிள்ளையாரை அடுப்புக்கு மேலே வைத்திருக்கிறேன், அங்கே அவருக்கும் வசதி, எனக்கும் வசதி. வழித்துணைக்கு வருகிறோம் என்று இப்போது இரண்டு மூன்று பேர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கக்கூசைப் பற்றிக் கேட்டவளும் அவர்களில் ஒருத்தி. இடப்பக்கச் சீட்டில் ஒருவரையும் ஏற்றமாட்டேன் என்று சொல்லவில்லை. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் ஏற்றுவேன். அதுவரைக்கும் அந்தச் சீட் உங்களுடையது. கேட்டில் "ம், விடும்" என்பதை இனி நானே சொல்லிக்கொள்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
வலப்பக்கச் சீட்டுக்கு மாறி இருக்கும்
உங்கள் மனுசி